நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒருநாள் பயணம்: வடசென்னையிலிருந்து போகிறவர்களுக்கான மதிப்புரை

பெரம்பூரிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஐரோப்பா டூர் விற்கும் ஏஜென்சிகளின் நோட்டீஸைப் பிரித்தால், பச்சை மலைக்கு நடுவே வெள்ளைக் கோபுரங்களோடு நிற்கும் ஒரு கோட்டைப் படம் பெரும்பாலும் இருக்கும். அதுதான் நோய்ஷ்வான்ஸ்டைன். தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஃபூஸன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மியூனிக்கில் தங்கினால் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். படிக்கப் போன பிள்ளைகள், கம்பெனிப் பயிற்சிக்குப் போனவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போன அப்பா அம்மாக்கள் என்று நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் நிறையப் பேர் இந்த ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். கூட வருகிறவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ முந்தின வாரம் அறிமுகமானவர்களாக இருப்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டாயம் போகலாம். ஐந்து பேராகச் சேர்ந்து போவதுதான் சரியான வழி. நுழைவு நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் நாள் நன்றாக அமையும். ரயிலைப் பிடித்துவிட்டு "போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால் பாதிப் பேருக்குக் கோட்டையின் வெளிச்சுவர்தான் கிடைக்கும்.

ஊரிலேயே டூர் பேக்கேஜ் எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியலில் "நோய்ஷ்வான்ஸ்டைன்" என்று போட்டிருப்பது உள்ளே போவதற்கா, "போட்டோ ஸ்டாப்" மட்டுமா? போட்டோ ஸ்டாப் என்றால் அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளப்பிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மேலே ஏறி இறங்கவே முடியாது. கோட்டையை எதிரே பார்க்கும் மேரி பாலம், கோட்டைக்குள் சுற்று, கீழே உள்ள ஆல்ப்ஸே ஏரி மூன்றையும் பார்க்க அடிவாரக் கிராமத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். அதைக் கொடுக்காத பேக்கேஜுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் வாங்க நியாயம் இல்லை.

மியூனிக்கிலிருந்து போக இரண்டு வழி. ஒன்று, மியூனிக் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பும் டூர் பஸ்கள். இவை பல நேரம் லிண்டர்ஹோஃப் அரண்மனையையும் சேர்த்துக் காட்டும். நோய்ஷ்வான்ஸ்டைனைக் கட்டிய ராஜா இரண்டாம் லுத்விக் கட்டியவற்றில் அவர் உயிரோடு இருக்கும்போதே கட்டி முடிந்த அரண்மனை அது ஒன்றுதான். ரயிலில் அங்கே போவது சுற்று வழி என்பதால் பஸ்ஸுக்கு அந்த ஒரு சிறப்பு உண்டு. ஆனால் பஸ் கட்டணத்தில் கோட்டைகளின் நுழைவுச்சீட்டு பல சமயம் சேராது. சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வண்டி மாறுவதற்குத் தயங்குகிறவர்கள் பஸ்ஸில் போவது நல்லது.

மற்றவர்களுக்கு ரயில்தான். இங்கேதான் புதுக் கூட்டாளிகளின் அருமை தெரியும். "பயர்ன் டிக்கெட்" என்று ஒரு நாள் பாஸ் இருக்கிறது. பவேரியா முழுக்க எல்லா வட்டார ரயில்களிலும், மியூனிக் நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பஸ்ஸிலும், ஃபூஸனிலிருந்து கோட்டை அடிவாரம் போகும் பஸ்ஸிலும் அந்த ஒரே சீட்டு செல்லும். ஒரு சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு முழு விலை. அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேர் சேர்ந்தால் தலைக்கு விழும் தொகை, தனி ஆளாக வாங்குவதில் பாதிகூட வராது. தங்கும் இடத்திலிருந்து மெட்ரோவில் மத்திய நிலையம் வருவதற்கும் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டாம்.

அந்தச் சீட்டில் மக்கள் சிக்கும் இடங்கள் மூன்று. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லுபடியாகும். 8:50 வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு "பத்து நிமிஷம்தானே" என்று சொன்னால் பரிசோதகர் கேட்க மாட்டார். சீட்டில்லாப் பயணமாகத்தான் எடுத்துக்கொள்வார், அபராதம் ஆளுக்கு 60 யூரோ. சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எல்லா நாளும் மறுநாள் விடிகாலை 3 மணி வரை நீளும். இரண்டாவது, வேக வண்டிகளான ஐசிஇ, ஐசி, இசி எதிலும் இது செல்லாது. மூன்றாவது, சீட்டில் எல்லாப் பயணிகளின் பெயரும் இருக்க வேண்டும். மெஷினில் வாங்கிய காகிதச் சீட்டு என்றால் பேனாவால் எழுத வேண்டும். பரிசோதகர் பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ கேட்டு ஒப்பிடுவார். வழியில் ஒருவர் இறங்கிக்கொண்டு அவர் இடத்தில் வேறு ஒருவரை ஏற்றிக்கொள்ளக் கூடாது. மேடையில் நின்றுகொண்டு "ஒரு ஆள் குறையுது, சேர்ந்துக்கறீங்களா" என்று கேட்பது அங்கே வழக்கம்தான், தப்பில்லை. பெயரை எழுதும் முன்னால் கேளுங்கள். போகும்போதும் வரும்போதும் அவர் உங்களோடுதான் வருவார் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நாடு முழுக்கச் செல்லும் மாதாந்திர ஜெர்மனி டிக்கெட்டை ஏற்கெனவே வைத்திருக்கும் மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இந்தச் சீட்டே தேவையில்லை. கூட்டத்தில் யாரிடம் அது இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, மீதிப் பேருக்கு மட்டும் பயர்ன் டிக்கெட் போடுங்கள்.

மியூனிக்கிலிருந்து ஃபூஸனுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நேர் வண்டியும் உண்டு. பூக்லோ அல்லது காவ்ஃபொய்ரன் நிலையத்தில் மாறிப் போகும் வண்டியும் உண்டு. பவேரியாவில் ஒரே ரயிலின் பெட்டிகள் வழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போவது சகஜம். ஏறும் பெட்டியின் பலகையில் ஃபூஸன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். கோடையில் தண்டவாள வேலை நடக்கும்போது பாதி வழிக்கு மாற்றுப் பஸ் விடுவார்கள். அப்போது பயணம் ஒரு மணி நேரம்கூட நீளலாம். ஜெர்மன் ரயில்வேயின் செயலியில் முந்தின நாள் ராத்திரி ஒரு தரமும், காலையில் ஒரு தரமும் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ரயிலுக்குள் ஸ்பீக்கரில் வீடியோ கால் பேசாதீர்கள். அங்கே யாரும் அதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

ஃபூஸன் நிலைய வாசலிலேயே பஸ் நிற்கும். 73, 78 இரண்டு எண்களும் கோட்டை அடிவாரத்தில் உள்ள ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்துக்குப் போகும். பத்து நிமிடப் பயணம். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் முழுக்க அந்த ஒரே பஸ்ஸுக்குத்தான் ஓடும் என்பதால், கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் ரயிலிலேயே போய்விடுவது நல்லது. நிலையத்தில் காசு கேட்கும் கழிவறைதான். 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் கையில் இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம், நுழைவுச்சீட்டு. கோட்டைக்குள் தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எண், ஒரு நேரம். திருப்பதி முன்னூறு ரூபாய் தரிசனச் சீட்டில் நேரம் போட்டிருப்பது மாதிரிதான், ஆனால் இங்கே தாமதத்துக்குச் சலுகை கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒரு குழு போய்க்கொண்டே இருப்பதால், உங்கள் எண் தாண்டிவிட்டால் வாசலில் இருக்கும் தடுப்புக் கதவு உங்கள் சீட்டுக்குத் திறக்காது. காசும் போச்சு. மேலே கோட்டையில் சீட்டு விற்பதில்லை. அடிவாரக் கிராமத்தில் உள்ள டிக்கெட் சென்டரில் அன்றைக்கு மிச்சம் இருப்பதை விற்பார்கள். கோடையிலும் விடுமுறை நாட்களிலும் அந்த மிச்சம் காலையிலேயே தீர்ந்துபோகும். அதனால் ஆன்லைனில் முன்பதிவுதான் வழி. தேடினால் மேலே வரும் பல தளங்கள் இடைத்தரகர்கள். அதே சீட்டை இரட்டை விலைக்கும் விற்கிறார்கள். ஹோஹென்ஷ்வாங்காவ் டிக்கெட் சென்டரின் சொந்தத் தளத்தில் பெரியவர்களுக்கு 20 யூரோ வாக்கில் வரும். கூட ஒரு சின்ன முன்பதிவுக் கட்டணம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம், ஆனால் அவர்கள் பெயரிலும் சீட்டுப் போட வேண்டும். அவர்களும் குழுக் கணக்கில் வருவார்கள்.

ஐந்து பேரும் ஐந்து போனில் தனித்தனியாகப் பதிவு செய்யாதீர்கள். ஐந்து நேரம் கிடைக்கும், உள்ளே போவதும் வருவதும் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிடும், ஒருவருக்காக மற்றவர்கள் குளிரில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரே ஆள் ஒரே பதிவில் எல்லாருக்கும் எடுக்க வேண்டும். புதிதாக அறிமுகமானவர்களோடு போகும்போது பணத்தைப் பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நம்மவர்கள் என்றால் ரூபாய்க் கணக்கில் ஜிபே, மற்றவர்கள் என்றால் கையில் ரொக்கம். "வரேன்" என்று சொல்லிவிட்டுக் காலையில் தூங்கிப்போகும் ஒரு ஆள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவருடைய சீட்டுப் பணம் பதிவு செய்தவர் தலையில் விழுந்தால் அந்த நாளே கசந்துபோகும்.

எந்த நேரத்தை எடுப்பது? வார நாளில் 9 மணிக்கு மேல் கிளம்பும் வண்டி ஃபூஸன் போய்ச் சேர ஏறத்தாழ 12 மணி. பஸ் பிடித்து அடிவாரம் சேர 12:20. அங்கிருந்து பாலத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை வாசலுக்குப் போக நிதானமாக ஒன்றரை மணி நேரம். ஆகவே 2 மணிக்கு முன்னால் எந்த நேரத்தையும் எடுக்காதீர்கள். இணைப்பு வண்டி ஒன்று தவறினால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்பதால் 3 மணி எடுத்தால் நிம்மதி. சனி, ஞாயிறில் 8 மணிக்கு முன்பே வண்டி ஏற முடிந்தால் பகல் 12 மணிக்கான நுழைவு சரியாக இருக்கும். அந்தக் கிழமைகளில் கூட்டம் அதிகம், ஆனால் நாள் நீளம். ஏப்ரல் முதல் அக்டோபர் நடு வரை 9 முதல் 6 மணி வரை திறந்திருக்கும். அதன் பிறகு மார்ச் முடிய 10 முதல் 4 வரைதான். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் மூடல். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே போக மூன்று வழி. நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம், 30 முதல் 40 நிமிடம். தார் ரோடுதான், ஆனால் செங்குத்து. குதிரை வண்டிகளும் அதே ரோட்டில்தான் போகும் என்பதால் சாணத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். குதிரை வண்டி பார்க்க அழகு, ஆனால் வரிசை நீளம், மெதுவாக ஏறும், கோட்டை வாசல் வரைக்கும் போகாது; இறக்கிவிட்ட இடத்திலிருந்து மறுபடி ஐந்து பத்து நிமிட ஏற்றம் உண்டு. அதற்குக் கொடுக்கும் பணம் வேண்டாத செலவு என்பது எங்கள் கருத்து. மூன்றாவது, கிராமத்திலிருந்து கிளம்பும் சின்ன பஸ். அது மேரி பாலத்துக்குப் பக்கத்தில், கோட்டைக்கும் மேலே ஓர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோட்டைக்கு 10 முதல் 15 நிமிட இறக்கம். பயர்ன் டிக்கெட் இந்த பஸ்ஸுக்குச் செல்லாது, தனிச் சீட்டு. சின்ன நோட்டுகளாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பனி, உறைபனி நாட்களில் இந்த பஸ் ஓடாது. முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏற்றத்தைவிட அந்த இறக்கம்தான் முட்டியை அதிகம் சோதிக்கும். எந்த வண்டியும் வாசலில் கொண்டுபோய் விடாது. உள்ளே சுற்றும்போதும் சுமார் 165 படி ஏறி, 181 படி இறங்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை: மேலே போக பஸ், முதலில் பாலம், அப்புறம் கோட்டை, கீழே வர நடை. பாலத்தைக் கோட்டைக்குப் பிறகு வைத்துக்கொள்கிறவர்கள் மறுபடி ஏற்றம் ஏற வேண்டும், அதற்குள் பாதிப் பேர் களைத்து "வேணாம்" என்றுவிடுவார்கள். இந்த நாளின் மிக நல்ல காட்சி அந்தப் பாலத்தில்தான் இருக்கிறது, அதுவும் இலவசமாக. பெல்லாட் என்ற மலை ஓடைக்கு மேல் சுமார் 90 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. ராஜாவின் அப்பா இரண்டாம் மாக்ஸிமிலியன் 1845-ல் மரத்தில் போட்ட பாலம் அது. 1866-ல் மகன் இரும்பில் மாற்றினார். நோட்டீஸ் படத்தில் வரும் கோட்டையை நேரில் அதே கோணத்தில் பார்க்கும் இடம் இதுதான். பலகை இடுக்கில் கீழே பள்ளம் தெரியும், பாலம் லேசாக ஆடும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆகஸ்டில் பாலத்தில் கால் வைக்கவே அரைமணி நேரம் வரிசை நிற்க நேரிடும். வாசலிலேயே எல்லாரும் நின்று படம் எடுப்பதால் அங்கேதான் நெரிசல். நடுவைத் தாண்டி மறுகரைப் பக்கம் போனால் ஆள் குறைவு, கோணமும் நன்றாக இருக்கும். பனிக்காலத்தில் வழுக்கும் என்று பாலத்தை மூடிவிடுவார்கள். மழை நாளில் குடை அங்கே பயன்படாது, காற்று பிடுங்கிவிடும். தலையை மூடும் மழைக்கோட்டுதான் சரி.

பாலத்தின் மறுகரையில் தொடங்கும் காட்டுப் பாதைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஜூனில் இந்தப் பாலத்துக்குப் பக்கத்து மலைப்பாதையில், அப்போதுதான் அறிமுகமான ஒரு சுற்றுலாப் பயணி, நல்ல காட்சி தெரியும் இடம் இருக்கிறது என்று சொல்லி இரண்டு இளம்பெண்களை ஒதுக்குப் பாதைக்கு அழைத்துப்போய்த் தாக்கினார். ஒருவர் இறந்துபோனார். தாக்கியவருக்கு 2024-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த இடம் ஆபத்தான இடம் என்று இதற்கு அர்த்தமில்லை. நாள் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் நிம்மதியாகப் போய்வருகிறார்கள். ஆனால் ரயிலில் சிரித்துப் பேசிய ஒருவர் வேலி தாண்டிக் கூப்பிட்டால், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், "இல்ல, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லப் பழகுங்கள். கூட்டத்திலிருக்கும் தங்கச்சிகளைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் போகாதீர்கள். கிளம்பும்போதே எல்லாரும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனைப் போட்டுவிடுங்கள்; ஊரில் இருக்கும் வீட்டுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டை ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்து வைக்காதீர்கள், அவரவருடையது அவரவர் உள்பையில்.

கோட்டை வாசலுக்கு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போனால் போதும். முற்றத்தில் திரையில் குழு எண் வரும். பெரிய பை, டிராலி, குழந்தை வண்டி உள்ளே கூடாது. பெரிய சாமான்களை மியூனிக்கில் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். உள்ளே போட்டோ, வீடியோ இரண்டும் கிடையாது, மறைத்து எடுக்கப் பார்த்தால் வழிகாட்டி எல்லார் முன்னாலும் நிறுத்திச் சொல்லுவார். சுற்று முழுக்க 30, 35 நிமிடம்தான். ஆங்கிலத்தில் உண்டு.

அந்த அரைமணி நேரம் 20 யூரோவுக்குத் தகுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜார்ஜ் கோட்டையைப் பார்த்த கண்ணோடு பீரங்கி, கொத்தளம், அகழி தேடினால் ஏமாற்றம். சண்டைக்காகக் கட்டியது இல்லை இது. தோற்றம் அறுநூறு எழுநூறு வருடப் பழமை மாதிரி இருந்தாலும், அடிக்கல் நாட்டியது 1869 செப்டம்பர் 5. நம் ராயபுரம் ரயில் நிலையம் 1856-லேயே திறந்துவிட்டது. இந்தக் கோட்டைக்குக் கல் நடும்போது அங்கே பதின்மூன்று வருடமாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பவேரியாவின் இரண்டாம் லுத்விக் 18 வயதில், 1864-ல், ராஜாவானவர். பழைய வீரக்கதைகளிலும் ரிச்சர்ட் வாக்னரின் இசைநாடகங்களிலும் ஊறிப்போனவர். தனக்கென்று ஒரு கனவு வீடு கட்டிக்கொண்டார். முதல் வரைபடங்களைப் போட்ட கிறிஸ்டியான் யாங்க் நாடக மேடைக்குத் திரை வரைகிறவர். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது கோட்டை மேடைக் காட்சி மாதிரி இருக்கிறது.

உள்ளே நின்று பார்க்க வேண்டியது நான்கு. சிம்மாசன மண்டபம்: இரண்டு மாடி உயரம், தங்கப் பின்னணியில் ஓவியங்கள், கிரீட வடிவில் 96 மெழுகுவத்தி விளக்குச்சரம், ஆனால் சிம்மாசனம் இல்லை, அது வந்து சேரும் முன் ராஜா இறந்துவிட்டார். படுக்கையறை: மரத்தில் கோபுரம் கோபுரமாகச் செதுக்கிய கட்டில் விதானம், 14 தச்சர்கள் நான்கு வருடத்துக்கு மேல் வேலை செய்தார்கள் என்று சொல்வார்கள், பார்த்தால் நம்பலாம். நம் பக்கத்துக் கோவில் தேர் வேலைப்பாடு தெரிந்தவர்கள் அந்த அறையில் கூடுதல் நேரம் நிற்க ஆசைப்படுவார்கள், குழு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முன்வரிசையில் நில்லுங்கள். பாடகர் மண்டபம், வாக்னரை மனதில் வைத்துக் கட்டியது. வாக்னர் ஒருதரம்கூட இங்கே வரவில்லை. கடைசியில் சமையலறை. இதைப் பலர் எட்டிப் பார்க்காமல் வெளியே போய்விடுகிறார்கள். அடுப்புச் சூட்டுக் காற்றிலேயே தானாகச் சுற்றும் இறைச்சிக் கம்பிகள், சுடுதண்ணீர் குழாய், சாப்பாட்டை மேல் மாடிக்கு ஏற்றும் லிஃப்ட். வெளியே பழைய வேஷம், உள்ளே அந்தக் காலத்தின் புத்தம்புது இயந்திரங்கள்: சூடான காற்றில் அறைகளை வெதுவெதுப்பாக்கும் ஏற்பாடு, வேலையாட்களைக் கூப்பிட மின்மணி, தண்ணீர் ஊற்றும் கழிவறை, டெலிபோன். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அந்த அரைமணி நேரம் வீண் இல்லை.

1879, 1880 இரண்டு வருடத்தில் மட்டும் 465 டன் சலவைக்கல், 1,550 டன் மணற்கல், நான்கு லட்சம் செங்கல் ஏற்றினார்கள். ராஜாவின் கடன் அந்தக் கால ஜெர்மன் நாணயத்தில் 1 கோடியே 40 லட்சம் மார்க் ஆனது. 1886 ஜூனில் மனநிலை சரியில்லை என்று அறிவித்து அவரை இந்தக் கோட்டையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூன் 13 அன்று ஸ்டார்ன்பெர்க் ஏரியில் அவரும் அவரது வைத்தியரும் பிணமாகக் கிடந்தார்கள். எப்படி நடந்தது என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவர் இந்தக் கோட்டையில் தங்கியது மொத்தம் 172 நாள். அவர் இறந்து ஏழு வாரத்தில், ஆகஸ்ட் 1 அன்று, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டு நூறு அறைக்கு மேல் திட்டமிட்டதில் முடிந்தது பதினைந்து சொச்சம்தான். அதனால்தான் சுற்றும் சிறியது. 2025 ஜூலையில் அவருடைய நான்கு அரண்மனைகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முன்பதிவுக்கு இனி போட்டி கூடத்தான் செய்யும்.

எதிரே தெரியும் மஞ்சள் கோட்டை ஹோஹென்ஷ்வாங்காவ். லுத்விக் சின்ன வயதில் வளர்ந்த வீடு. 1830-களில் அவருடைய அப்பா பழைய இடிபாட்டைப் புதுப்பித்துக் கட்டியது. கூட்டம் குறைவு, நிஜமாகக் குடும்பம் வாழ்ந்த வீடு என்பது அறைக்கு அறை தெரியும். வரலாற்றில் ஆசை உள்ளவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். வார நாளில் 9 மணிக்கு மேல் கிளம்பிப் போகிறவர்களுக்கு நேரம் இடிக்கும். நுழைவுச்சீட்டே கிடைக்காமல் போனவர்கள் பாலம், மஞ்சள் கோட்டை, கீழே ஆல்ப்ஸே ஏரி என்று வைத்துக்கொண்டால் அந்த நாளுக்குக் குறையில்லை. ஏரித் தண்ணீர் பச்சை நீலத்தில் அடி தெரியும். கரையோர நடைபாதையில் சாப்பாட்டைப் பிரிக்க நல்ல பெஞ்சுகள் உண்டு.

சாப்பாடு: அடிவாரக் கடைகளில் விலை அதிகம், ருசி சுமார். ஹாஸ்டல் சமையலறையில் காலையில் எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துப் போவதுதான் நல்ல வழி. ஊரிலிருந்து கொண்டுபோகும் பொருட்களில் ஒன்று கவனம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் பயணப் பையில் கொண்டுபோகக் கூடாது; நெய், பால்கோவா இரண்டும் பிடிபடும். மீன் பொருட்களுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு என்பதால் காசிமேட்டுக் கருவாட்டுக்குத் தடையில்லை, வாசனை வெளியே வராதபடி இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். கடையில் வாங்குவதானால் சைவத்துக்கு ப்ரெட்ஸல் ரொட்டி, பாலாடைக்கட்டி சேர்த்த கேஸ ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் இரண்டையும் நம்பலாம். பன்றி இறைச்சித் துண்டு போடுகிறார்களா என்று கேட்டு, மாவில் முட்டை உண்டு என்பதையும் மனதில் வைத்து வாங்குங்கள். ஹலால் வேண்டுமென்றால் மியூனிக் மத்திய நிலையத்துக்குத் தெற்கே கோதெ வீதி, லாண்ட்வேர் வீதியில் துருக்கி, அரபுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட் மூடல். பவேரியாவில் மற்ற நாட்களிலும் ராத்திரி 8 மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஞாயிறு பயணத்துக்குச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள், ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம் கடையில் திரும்பக் கிடைக்கும்.

உடுப்பு: ஃபூஸன் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் மேகம் மூடினால் நம் மார்கழியைவிடக் குளிரும். ஒரு தடிமனான கோட்டுக்குப் பதில் மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. ஏறும்போது வியர்க்கும், பாலத்தில் நடுங்கும். செருப்பு வேண்டாம், அடியில் பிடிப்புள்ள ஷூ.

கீழே இறங்கி ஏரியைப் பார்த்துவிட்டு மாலை 5 மணி வாக்கில் ஃபூஸனுக்கு பஸ் ஏறினால், ஊரைக் கொஞ்சம் சுற்ற நேரம் இருக்கும். பழைய ஊருக்கு மேலே உள்ள உயர் கோட்டையின் முற்றத்தில், சுவரில் ஜன்னல்களையும் மாடங்களையும் நிஜம் போலவே வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். பக்கத்தில் போய்த் தொட்டால்தான் சுவர் என்று தெரியும். திரும்பும் ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால் எந்த வண்டி என்று ஐந்து பேரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். பீர் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டவர்களை எழுப்புவது சிரமம், பயர்ன் டிக்கெட்டோ ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் இல்லாமல் மற்றவர்கள் வண்டி ஏற முடியாது.

ஃபிராங்க்ஃபர்ட்டிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருப்பவர்கள் ஒரே நாளில் நோய்ஷ்வான்ஸ்டைன் போய்த் திரும்ப முயல வேண்டாம். ரயிலிலேயே நாள் போய்விடும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஹைடல்பெர்க் கோட்டை ஒரு மணி நேரத் தூரம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹெஷிங்கன் வரை ரயில், அங்கிருந்து மலைமேல் ஹோஹென்ஸோலெர்ன் கோட்டை. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்துக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் டிக்கெட் என்று இதே மாதிரி ஐந்து பேர் சீட்டு இருக்கிறது, வார நாள் 9 மணி விதியும் அதேதான்.